இறவாரத்துக் கோல்



பத்தாண்டு நிறைவு விழாவில் சங்கக் கவிதையின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். சிறப்பு என்பது பெரிய சொல். எனக்கு ஒரு சிறிய சொல் போதும்: ஞெலிகோல். ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய புறநானூற்று 315ஆம் பாட்டில் அது வருகிறது. வீட்டுக் கூரையின் இறைப்பில் செருகி வைத்த ஞெலிகோலைப் போல அவன் கண்ணில் படாமலும் இருப்பான். அக்கோலிலிருந்து எழும் பெருந்தீயைப் போல வெளிப்படவும் செய்வான் என்பது அப்பாட்டின் முடிவு.

புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்தப் பாட்டுக்கு அதன் துணை நமக்கு இல்லை. மதுரைத் தியாகராசர் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஔவை சு. துரைசாமிப் பிள்ளை அவர்களைப் போன்ற பிற்கால உரையாசிரியர்களையே நம்பியிருக்கிறோம். ஞெலிகோல் என்றால் தீக்கடைகோல் என்று தெரிந்துகொள்கிறோம். தெரிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை ஈடு வைத்துவிட்டால் பொருள் விளங்கிவிட்டதாக எண்ணுவது புலமை உலகின் பழைய வழக்கம். தீக்கடைகோலைக் கையில் பிடித்துக் கடைந்தவர் இந்த அவையில் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் உயருமா என்பது ஐயமே.

நண்பர்கள் மூவரும் நானும் ஒரு பங்குனி மாதத்தில், கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு அப்பால் வற்றிக் கிடந்த கண்மாய்க் கரையில், இந்தக் கடைதலைக் கற்கத் தொடங்கினோம். கோலுக்கு நேராக வளர்ந்து காய்ந்த எருக்கங்கொம்பு: சுண்டுவிரல் பருமன், ஒன்றரை முழ நீளம். அடிப்பலகைக்கு ரயில் கற்றாழையின் உலர்ந்த பூத்தண்டைப் பிளந்து எடுத்தது. இக்கற்றாழை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஔவையார் பார்த்திருக்க முடியாத செடி. இலக்கணச் சுத்தம் விரும்புவோர் பொறுத்தருள வேண்டும்.

வேலையின் நுட்பம் முழுவதும் அடிப்பலகையில் இருக்கிறது. பலகை நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். கடினமரம் தேய்ந்து பளபளக்குமே தவிரத் தூள் உதிராது. ஓரத்தையொட்டிச் சிறு குழி தோண்டி, அந்தக் குழியின் நடுவை எட்டும்படி பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு விட வேண்டும். கோலைக் குழியில் நிறுத்தி, இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து, கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே உருட்ட வேண்டும். கை தானாகவே கோலின் அடிக்கு இறங்கிவிடும். உடனே மேலே எடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்குள் குழியின் சூடு தணியத் தொடங்கும். எனவேதான் இருவர் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறிக் கடைவது எளிது.

முதலில் வெட்டில் வந்து சேரும் தூள் மரநிறமாக இருக்கும்; பின்பு காப்பிப் பொடியின் நிறம்; கறுத்துவரும்போது புகை கிளம்பும். புதியவர் புகையைக் கண்டதும் மகிழ்ந்து நிறுத்திவிடுவார். புகை வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். உள்ளங்கை எரிந்து கொப்புளம் கட்டுகிற நேரமும் அதுதான். கோலை எடுத்தபின்னும் தூள்குவியல் தானே புகைந்துகொண்டிருந்தால், உள்ளே கங்கு பிறந்திருக்கிறது என்று பொருள். மிளகளவு இருக்கும். அதை உதிராமல் தென்னை நார்ப்பொதிக்குள் இறக்கி, ஊதாமல் மூச்சை மட்டும் விட்டு வளர்க்க வேண்டும். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதி, தீயைக் குஞ்சு என்று பின்னாளில் ஏன் அழைத்தார் என்பதற்கு எந்த விளக்கவுரையும் அப்போது தேவைப்படாது. பொத்தி வைக்காவிட்டால் அது செத்துப்போகும்.

இனி ஔவையாரிடம் வருகிறேன். அவர் கோலை ஏன் வீட்டுக் கூரையின் இறைப்பில் வைத்தார்? மறைவுக்காக என்றே பொதுவாக எண்ணுகிறோம். கோலுக்குள் தீ உறங்குகிறது, அதுபோல அஞ்சிக்குள் வீரம் உறங்குகிறது என்று வகுப்பறையில் விளக்குகிறோம். கடைந்து பார்த்தவருக்கு இந்த விளக்கம் போதாது. ஐப்பசி அடைமழையில் வெளியே கிடந்த கோலால் ஒரு பொறிகூட எடுக்க முடியாது. ஈரம் குடித்த மரம் கையின் வெப்பத்தையெல்லாம் ஆவியாக்கிவிடும். கூரையிறப்பில் செருகிய கோலோ அடுப்புப் புகையில் நாளும் காய்கிறது. அதன்மேல் மழை படாது, மண்ணின் ஈரம் ஏறாது. இன்னொன்றும் உண்டு. ஒருமுறை தீ தந்து முனை கருகிய கோலும் குழியும் அடுத்த முறை விரைவில் பற்றும். எனவே வேலை முடிந்ததும் அதே கோலைப் பத்திரப்படுத்துவார்கள்.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் கூரைவீடுகள் இருந்தவரை கருக்கரிவாளையும் அகப்பையையும் இறவாரத்தில் செருகி வைத்தார்கள். அன்றாடம் வேண்டியவை அங்கேதான் இருக்கும். வீட்டிலுள்ள பெண் நிமிர்ந்து கை நீட்டினால் எட்டும் இடம் அது. ஆக, அந்தக் கோல் ஒளித்து வைக்கப்பட்டதன்று, ஆயத்தமாக வைக்கப்பட்டது. விருந்தினர் கண்ணுக்கு அது கூரைக் குச்சிகளுள் ஒரு குச்சி. வீட்டாருக்கு இன்றியமையாத பொருள். அஞ்சியின் அடக்கத்தை உறக்கமாக அன்றி ஆயத்தமாகவே ஔவையார் காண்கிறார் என்பது என் கருத்து. ஒரு வேந்தனை அளக்க அரண்மனையை விட்டு அடுக்களைக் கூரைக்குப் போன கண் அவருடையது.

மரத்துள் தீ மறைந்திருக்கிறது என்னும் கருத்து பிற்காலத்தில் அப்பர் பாடியது. ஐந்தாம் திருமுறையில் அவர் விறகில் தீயையும் பாலில் நெய்யையும் சேர்த்துச் சொல்லி, கோல் நட்டுக் கயிற்றால் வலித்துக் கடையச் சொல்கிறார். நாம் அதை ஔவையார்மேல் ஏற்றிவிட்டோம். அப்பரின் உவமையிலும் கைத்தொழில் இருக்கிறது. பாலும் விறகும் இரண்டு தனி உவமைகள் என்று படிக்கிறோம். கடைபவனுக்கு அவை ஒன்றே. தூணில் கட்டிய மத்தைக் கயிற்றால் இடமும் வலமும் இழுப்பது போலவே அரணிக் கட்டையையும் கயிறு சுற்றி இழுத்துக் கடைகிறார்கள். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திர வேள்வியில் அவ்வாறே தீ எடுத்தார்கள். தமிழில் மோருக்கும் தீக்கும் கடைதல் என்ற ஒரே வினை இருப்பது சொற்பஞ்சத்தால் வந்ததன்று.

கயிறு இல்லாத கைக்கோலைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இடையன் கையால் முயன்று தீக் கடைகிறான். எதற்கு? சோறு சமைக்க என்று நினைப்போம். மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்ய. கொள்ளியின் முனையால் துளை சுட்டு, அந்தக் குழலில் பாலைப் பண் வாசிக்கிறான். அது சலித்ததும் குமிழங்கொம்பும் மரல் நாரும் கொண்டு யாழ் செய்துகொள்கிறான். இவ்வளவு உழைத்து எடுத்த நெருப்பின் முதல் பயன் இசை. பாட்டெழுதும் நம்மவர்கள் இதை நினைத்துக் கொஞ்சம் செருக்கடையலாம்.

இந்தக் கலை நம் நிலத்திலிருந்து ஒரே நாளில் போய்விடவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் உராய்வால் தீ எடுத்தலுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அதே ஆண்டில் ரிவர்ஸ் எழுதிய தோடர் நூலும் வந்தது. அன்றாட நெருப்புக்குத் தீப்பெட்டி வந்துவிட்ட பின்னரும், புனிதமான பால்மனைச் சடங்குகளுக்கு நீலகிரித் தோடர் கோல் கடைந்தே தீ எடுத்ததை அவர் பதிவு செய்தார். பழநி மலைப் பளியர் வெண்கல்லையும் இரும்பையும் தட்டி இலவம் பஞ்சில் நெருப்பு ஏற்றினர். அது வேறு முறை, சிக்கிமுக்கி வழி.

பிறகு சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். வானம் பொய்த்த கரிசல் நிலத்துக்கு அது சோறு போட்டது. நெடுங்காலம் சிறுபிள்ளைகளின் விரல்களையும் வாங்கிக்கொண்டது. அதன் வரலாறு தனிப் பேச்சுக்குரியது. இங்கே சொல்ல வேண்டியது ஒரு வினைச்சொல்லைப் பற்றி மட்டும். வத்திக்குச்சியை நாம் கிழிக்கிறோம், உரசுகிறோம்; கடைவதில்லை. கடைதல் போனபோது ஞெலிதலும் அகராதிக்குள் சென்று அமர்ந்துகொண்டது. இவ்வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளில் எத்தனையோ தீ எரிகிறது; கொப்புளம் பட்ட உள்ளங்கை ஒன்றையும் நான் கண்டதில்லை.

எருக்கங்கோல் நான்கும் பலகை இரண்டும் மேடையருகே வைத்திருக்கிறேன். தேநீருக்குப் பின் விரும்புவோர் முற்றத்தில் முயன்று பார்க்கலாம். இருவராக அமருங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். நேற்று மழை பெய்ததால் கோல்களை இரவு முழுவதும் அடுப்படிப் பரணில்தான் வைத்திருந்தேன்.