சிவப்புக் கண்ணும் ஒரு சிறு விரிசலும்

(மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில், நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்திமடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)

போன தடவை நம் ஏ பிளாக் நண்பர் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசி எல்லோரையும் பயமுறுத்திவிட்டார். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் இலகுவாகப் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் பி.காம். படித்து, முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். எனக்கு இலகுவாகத் தெரிந்தது வட்டிக் கணக்கு ஒன்றுதான். அதை நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஆகவே அமெரிக்காவில் என் மகள் வீட்டில் இருந்தபோது தெரிந்துகொண்ட பூதக் கதைகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

மகள் இருப்பது ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரம். ஆறு மாத விசாவில் போய் உட்கார்ந்தால் நாலாவது வாரம் என்ன நிலைமை என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மனிதர் நடந்தால் திருவிழா மாதிரி இருக்கும். என் அவஸ்தையைப் பார்த்த பேத்தி, "தாத்தா, உங்களுக்கு மாத்மேன் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்தச் சனிக்கிழமையே மாப்பிள்ளை காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஊரின் பெயர் பாயின்ட் பிளசன்ட். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது. நம் தாலுகா தலைநகர் அளவுக்குக்கூட வராத ஊர். கடைத்தெரு நடுவில் பன்னிரண்டு அடி உயரத்தில் துருப்பிடிக்காத எஃகில் ஒரு சிலை நிற்கிறது. மனித உடம்பு, முதுகில் இறக்கை, முகத்தில் இரண்டு பெரிய சிவப்புக் கண்கள். அதுதான் மாத்மேன், விட்டில் மனிதன். பக்கத்திலேயே அதற்கொரு மியூசியம். வருஷா வருஷம் செப்டம்பரில் திருவிழாவும் உண்டு.

கதை இதுதான். 1966 நவம்பர் 15, இரவு. இரண்டு இளம் தம்பதிகள் ஒரே காரில் ஊருக்கு வடக்கே போகிறார்கள். அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. டிஎன்டி தயாரித்த இடம். காடு மண்டிய நிலத்தில் கான்கிரீட் குவிமாடங்கள் வரிசையாக இருக்கும். அங்கே மனிதனைவிடப் பெரிய ஓர் உருவத்தைப் பார்த்தார்கள். இறக்கை மடங்கியிருந்தது. கார் வெளிச்சம் பட்டதும் கண்கள் சிவப்பாக எரிந்தன. பயந்துபோய்க் காரைத் திருப்பி, நூறு மைல் வேகத்தில் ஓட்டியும் அது மேலேயே பறந்து வந்தது என்றார்கள். நேராகப் போலீசுக்குப் போனார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. டிவியில் பேட்மேன் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம். பத்திரிகைக்காரர்கள் அந்த மாதிரியே ஒரு பெயரை வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு கேட்கவேண்டுமா! துப்பாக்கியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் ராத்திரி ராத்திரியாக அந்தத் தொழிற்சாலைக்குப் போனார்கள். மேலும் பலர் பார்த்ததாகச் சொன்னார்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு உயிரியலாளர் ஒருவர், வழி தவறி வந்த சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்றார். ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் பறவை, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் திட்டு இருக்கும். பெரிய ஆந்தை என்று சொன்னவர்களும் உண்டு. ஆந்தையின் கண்ணில் விளக்கு வெளிச்சம் பட்டால் சிவப்பாகத் திருப்பி அடிக்கும். நம் ஊர் ரோட்டில் இரவு பூனை கண்ணைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே மாதிரி.

இதோடு முடிந்திருந்தால் இதைப் பேச நான் மேடை ஏறியிருக்கமாட்டேன். பதின்மூன்று மாதம் கழித்து, 1967 டிசம்பர் 15 அன்று, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், அந்த ஊரிலிருந்து ஆற்றைக் கடந்து ஒஹையோவுக்குப் போகும் பாலம் அப்படியே ஆற்றில் விழுந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வேலை விட்டுப் போகிறவர்கள், கடைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று பாலம் முழுக்க வண்டிகள் நின்றிருந்தன. 46 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள், ஜனங்கள் என்ன பேசியிருப்பார்கள்? விட்டில் மனிதன் வந்தது இதற்குத்தான் என்றார்கள். சிலர், அது எச்சரிக்க வந்தது என்றார்கள். சிலர், அதுதான் பாலத்தைத் தள்ளியது என்றார்கள். 1975-இல் ஜான் கீல் என்பவர் இதை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். 2002-இல் ரிச்சர்ட் கியர் நடித்துப் படமும் வந்துவிட்டது. இன்னொரு கதையும் உண்டு. 1777-இல் அதே இடத்தில் இருந்த கோட்டையில் ஷானி பழங்குடியினரின் தலைவர் கார்ன்ஸ்டாக் கொல்லப்பட்டார். சமாதானமாகப் பேச வந்தவரைப் பிடித்து வைத்து, பிறகு சுட்டுக் கொன்றார்கள். சாகும்போது அவர் இந்த மண்ணைச் சபித்தார், அந்தச் சாபம்தான் பாலத்தை வீழ்த்தியது என்பார்கள். சாபம் பிற்காலத்தில் சேர்ந்துகொண்ட கதை. கொலை நடந்தது மட்டும் நிஜம். கொல்லப்பட்டவர் மேலேயே பழியையும் போட்டிருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள்.

பாலத்துக்கு நிஜமாக என்ன ஆயிற்று என்று மியூசியத்தில் மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் மெக்கானிக்கல் இஞ்சினியர். அன்று ராத்திரி உட்கார்ந்து விளக்கினார், பிறகு நானும் தேடிப் படித்தேன்.

1928-இல் கட்டிய பாலம். அலுமினிய பெயின்ட் அடித்திருந்ததால் வெள்ளிப் பாலம் என்று பெயர். சாதாரணத் தொங்கு பாலத்தில் ஆயிரக்கணக்கான கம்பிகளை முறுக்கிய வடம் இருக்கும். நாலு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். இந்தப் பாலத்தில் வடம் கிடையாது. சைக்கிள் செயின் மாதிரி, இரண்டு முனையிலும் ஓட்டை வைத்த நீள நீளமான இரும்புப் பட்டைகளை ஊசி போட்டுக் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டை. ஒன்று போனால் சுமை மற்றொன்றின் மேல் ஏறும், அதுவும் கழன்றுவிடும், செயினே அறுந்த மாதிரி ஆகிவிடும். அன்று அதுதான் நடந்தது. ஒஹையோ பக்கத்தில் ஒரு பட்டையின் ஓட்டைக்குள் ஒரு விரிசல். எவ்வளவு ஆழம் தெரியுமா? அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் இரண்டரை மில்லிமீட்டர். நாற்பது வருஷத் துருவும் இழுவையும் சேர்ந்து வளர்த்த விரிசல் அது. ஓட்டைக்குள்ளே ஊசி மறைத்துக்கொண்டிருந்ததால், இணைப்பைக் கழற்றாமல் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்னொன்றும் உண்டு. பாலம் கட்டிய நாளில் ஓடியது ஃபோர்டு மாடல் டி. எடை எழுநூறு கிலோவுக்குக் கீழே. 1967-இல் கார்கள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, லாரிகளைக் கேட்கவே வேண்டாம். பாலம் மட்டும் அதே பாலம்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம். ஒரு சின்ன ஊர்க் கிளையில் சேவிங்ஸ் லெட்ஜர் பேலன்சிங் டாலி ஆகவில்லை. 2,700 ரூபாய் வித்தியாசம். ஒரு வாரம் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்தோம். அந்த மாதம்தான் புதிதாக ஒரு பியூன் வந்திருந்தார். வந்த அன்றே குளிர்ந்த தண்ணீர்ப் பானை உடைந்தது, மறுநாள் மேனேஜருக்கு ஸ்கூட்டர் விபத்து. "இந்த ஆள் கால் வைத்த நேரம் சரியில்லை" என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் அவர் கொண்டுவரும் காப்பியைக்கூடச் சிலர் தொடவில்லை. நானும் தொடவில்லை.

எட்டாம் நாள் வேறு கிளையிலிருந்து வந்த பழைய அதிகாரி ஒருவர் வித்தியாசத்தைப் பார்த்தார். "ஒன்பதால் வகுபடுகிறதே, எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது" என்றார். தேடினோம். 5,830 என்பதை 8,530 என்று ஒருவர் எழுதியிருந்தார். கையெழுத்து என்னுடையது. பியூன் அதற்குள் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். மாற்றல் வந்து போயும் விட்டார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சரி, நியூஜெர்சிக்கு வருவோம். நம்மில் நாலைந்து பேருக்காவது பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் தெற்கே பைன் பேரன்ஸ் என்று பெரிய பைன் மரக் காடு இருக்கிறது. அங்கே உலவுவது ஜெர்சி டெவில். குதிரைத் தலை, வௌவால் இறக்கை, பிளவுபட்ட குளம்பு. 1735-இல் லீட்ஸ் என்ற குடும்பத்தில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, பிறந்த உடனேயே புகைபோக்கி வழியாகப் பறந்துபோனது என்பது கதை.

எனக்குப் பேயைவிட லீட்ஸ் குடும்பம்தான் சுவாரசியமாகப் பட்டது. டேனியல் லீட்ஸ் என்பவர் 1687-இல் அங்கே பஞ்சாங்கம் மாதிரி ஒன்று அச்சிட்டார். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். கிரகம், ஜோதிடம் எல்லாம் போட்டிருந்ததால் சபைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பிரதிகளை அழித்தார்கள். இவரும் விலகி, அவர்களைத் தாக்கி எழுத ஆரம்பித்தார். பதிலுக்கு அவர்கள் இவரைச் சாத்தானின் தூதன் என்று தலைப்பிட்டே 1700-இல் எழுதினார்கள். அவர் மகன் டைட்டன் லீட்ஸ் பஞ்சாங்கத்தைத் தொடர்ந்தார். முகப்பில் போட்ட குடும்பச் சின்னத்தில் இறக்கை வைத்த ஒரு விலங்கு இருந்தது.

இவருக்குத் தொழில்போட்டியாக வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். தன் பஞ்சாங்கத்தில், டைட்டன் லீட்ஸ் 1733 அக்டோபர் 17 அன்று இறந்துபோவார் என்று விளையாட்டாகப் போட்டார். அந்த மனிதர் இறக்கவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினார். ஃபிராங்க்ளின் விடவில்லை. இல்லை, அவர் இறந்துவிட்டார், இப்போது எழுதுவது யாரோ, ஆவியாகவும் இருக்கலாம் என்று வருஷக்கணக்கில் கேலி செய்தார். நிஜமாக அவர் இறந்தது 1738-இல். இப்படி இரண்டு தலைமுறை ஏச்சு வாங்கிய குடும்பத்தின் பெயர் பேயோடு ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? ஆதியில் அதன் பெயரே லீட்ஸ் டெவில்தான்.

1909 ஜனவரியில் ஒரு வாரம் அந்தப் பகுதியே ஆடிப்போயிற்று. பனியில் வினோதக் கால்தடங்கள், கூரைமேல்கூட இருந்தன என்றார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. இந்தச் சந்தடியில் பிலடெல்பியாவில் ஒரு காட்சிசாலைக்காரர்கள், பேயைப் பிடித்துவிட்டோம் என்று டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். கூண்டில் இருந்தது ஒரு கங்காரு. பச்சைக் கோடு வரைந்து, செயற்கை இறக்கை ஒட்டி, பின்னால் ஒரு பையனைக் குச்சியோடு நிறுத்திவைத்திருந்தார்கள், குத்தினால் துள்ளுவதற்கு. பாவம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜீவன். இன்று அந்த மாநிலத்தின் ஐஸ் ஹாக்கி அணிக்கே டெவில்ஸ் என்றுதான் பெயர்.

பிக்ஃபுட் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றிரண்டு மட்டும் சொல்லிவிட்டு விடுகிறேன். 1958-இல் வடக்குக் கலிபோர்னியாவில் ரோடு போடும் இடத்தில் பெரிய கால்தடங்கள் கிடைத்தபோதுதான் அந்தப் பெயர் பத்திரிகைகளில் பரவியது. அந்த வேலையின் கான்ட்ராக்டர் 2002-இல் இறந்ததும், மரத்தில் செதுக்கிய பாதங்களை வைத்து அவர்தான் வேடிக்கை செய்தார் என்று குடும்பத்தாரே எடுத்துக் காட்டினார்கள். எஃப்.பி.ஐ.க்கே ஒருமுறை பிக்ஃபுட் ரோமம் என்று அனுப்பிவைத்தார்கள். அவர்களும் பொறுமையாகச் சோதித்து, மான் ரோமம் என்று பதில் எழுதினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கமேனியா என்ற கவுன்டியில் 1969-இல் பிக்ஃபுட்டைக் கொன்றால் பத்தாயிரம் டாலர் அபராதம், ஐந்து வருஷம் ஜெயில் என்று சட்டம் போட்டார்கள். போட்ட தேதி ஏப்ரல் 1. ஆனால் சட்டம் நிஜம்தான். துப்பாக்கியோடு தேடப்போகிறவர்கள், ரோமக் கோட்டு போட்ட மனிதனைச் சுட்டுவிடக்கூடாதே என்ற கவலை.

திரும்பவும் பாயின்ட் பிளசன்ட். பாலம் விழுந்த அடுத்த வருஷமே அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. 1971-இல் நாடு முழுக்கப் பாலங்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்று விதிமுறை வந்தது. அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே ஆற்றில் மேலே செயின்ட் மேரிஸ் என்ற ஊரில் இதே மாதிரி கட்டிய பாலம் ஒன்று இருந்தது. விபத்துக்குப் பிறகு அதை மூடி, 1971-இல் இடித்தே விட்டார்கள். (நம் லிஃப்டுக்கு சர்வீஸ் ஆள் வந்து முக்கால் மணி நேரம் நிறுத்தினால் வாட்ஸ்அப்பில் நாற்பது மெசேஜ் வருகிறது. அதில் இரண்டு என்னுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

விட்டில் மனிதன் சிலை முன்னால் போட்டோ எடுக்க அன்று நாங்கள் கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பழைய பாலம் தொடங்கிய இடத்தில், இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. கீழே செங்கற்களில் பெயர்கள். அங்கே வரிசை இல்லை. நாங்கள் மட்டும்தான் இருந்தோம். பேத்தி ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்தபோது, "தாத்தா, இவர்கள் ஒரே காரில் போனார்களா?" என்று கேட்டாள். இருக்கலாம் கண்ணா என்றேன்.

கூட்டம் முடிந்ததும் சி பிளாக் மாமி ஒருவர், "அப்போ அன்றைக்கு அவர்கள் பார்த்தது என்னதான்?" என்று கேட்டார். அந்த நாலு பேர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நன்றாகப் பயந்திருக்கிறார்கள். கொக்கா ஆந்தையா என்று கேட்டால் என் ஓட்டு ஆந்தைக்கு. மியூசியக் கடையில் பேத்தி வாங்கிக் கொடுத்த சிவப்புக் கண் பொம்மை எங்கள் வீட்டு டிவி மேஜையில்தான் இருக்கிறது. குழந்தைகள் யாராவது பார்க்க விரும்பினால் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம், காலிங் பெல் வேலை செய்யவில்லை, கதவைத் தட்டுங்கள்.