திரைக்கு அப்பால் ஒரு செவி
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் அவையில் இணையவழி ஆங்கிலக் கல்விக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். கேட்பவர் இல்லாத இடத்தில் சொல் தளிர்ப்பதில்லை என்பதைக் கவிஞர்களைவிட நன்கறிந்தவர் எவர்? மொழி கற்கும் மாணவருக்கும் அதுவே விதி.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. ஆசிரியர் பேசினார்; திரையில் மாணவரின் பெயர்கள் மட்டுமே தெரிந்தன. பிற பாடங்களைக் கேட்டும் படித்தும் ஓரளவு தேறிவிடலாம். ஆங்கிலப் பேச்சோ வாய் திறந்தாலன்றி வாராது. பிழையாகப் பேசினால் நகைப்பார்களோ என்னும் அச்சம் நம் பிள்ளைகளுக்குப் பழையது. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மறைந்திருக்கும் வசதி புதியது. இரண்டும் சேர்ந்தபோது மௌனமே மிஞ்சிற்று.

இதனைச் சோம்பல் என்று ஒதுக்குதல் தகாது. கனடா நாட்டு உளவியலறிஞர்கள் இராபர்ட் கார்டனரும் வாலஸ் லாம்பர்ட்டும் 1972இல் வெளியிட்ட நூலில் மொழி கற்கும் ஊக்கத்தை இருவகையாகக் கண்டனர். தொழிலும் பயனும் கருதிக் கற்பது ஒன்று. அம்மொழி பேசுவோரோடு உறவாட விழைந்து கற்பது மற்றொன்று. அமெரிக்க அறிஞர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், மனிதர் மனமுவந்து உழைப்பதற்குத் தன்விருப்பம், தன்னால் இயலும் என்னும் உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் தேவை என்றனர். திரைவழிக் கல்வியில் முதலில் அறுபடுவது அந்தப் பிணைப்பே.

புள்ளியும் பதக்கமும் வழங்கி நாள்தோறும் அழைக்கும் செயலிகள் இன்று பல உள்ளன. தொடங்கி வைக்க அவை உதவும். ஆயினும் பதக்கத்திற்காக மட்டும் படிப்பவர், பதக்கம் சலித்த அன்றே நின்றுவிடுவார்.

வழி எளியது. பெருவகுப்பை நால்வர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். தம் ஊரைப் பற்றி, தம் வீட்டுத் தொழிலைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லலாம். ஆசிரியர் பெயர் சொல்லி மறுமொழி தரவேண்டும். சொன்ன செய்தியை முதலில் போற்றி, பிழையைப் பின்னர்த் திருத்தவேண்டும். ஐயம் எழுந்தால் தமிழில் கேட்கவும் இடம் வேண்டும்.

நண்பர்களே, முதற்கவிதையை நடுங்கும் கையோடு படிக்க வருபவரை இவ்வட்டம் முதலில் செவிமடுக்கிறது. அதன் பின்னரே யாப்பைத் திருத்துகிறது. அந்தப் பண்பை நம் பிள்ளைகளுக்கும் வழங்குவோம். ஆங்கிலம் அறிந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு மணி நேரம், திரைவழியேனும் ஒரு மாணவரின் பேச்சைக் கேளுங்கள். பத்தாண்டு கண்ட வட்டத்திடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே.