குன்றும் மிதிவண்டியும்

வந்தவாசி என்றவுடன் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு 1760ஆம் ஆண்டுப் போர் நினைவுக்கு வரும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கோரைப்பாய் நினைவுக்கு வரும். எனக்கோ ஊருக்கு அருகே நிற்கும் வெண்குன்றமும், அதன் அடிவாரத்துச் சரளை வழியில் வாடகைச் சைக்கிள் ஒன்றோடு நான் நின்ற ஒரு காணும் பொங்கல் நாளுமே முதலில் தோன்றும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மலைவழி மிதிவண்டிப் பந்தயம்.

மாணவ நண்பர்களே, தார்ச் சாலையில் நடக்கும் மிதிவண்டிப் பந்தயத்தை நீங்கள் அறிவீர்கள். இது வேறு வகை. இங்கே சாலை இல்லை. கல்லும் வேரும் சேறும் செங்குத்தான இறக்கமுமே வழி. இந்த விளையாட்டு பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே சில இளைஞர்கள் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். 1930களிலும் 40களிலும் செய்தித்தாள் போடும் சிறுவர்கள் ஓட்டிய, பருத்த டயர் கொண்ட கனத்த வண்டிகள் அவை. அவற்றை மலைமேல் கொண்டுபோய்க் கீழே ஓட்டிவருவது அவர்களுடைய பொழுதுபோக்கு. 1976 அக்டோபர் 21 அன்று அதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வழியில் 400 மீட்டர் இறக்கம்! மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே பிடிக்கும் பிரேக்கு அந்த வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் குடம் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸை அடைத்தாக வேண்டும். மறுபடி அடைத்தல் என்னும் பொருளில் அந்த மலைவழிக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்துவிட்டது.

அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைவழிக்கென்றே புதிய வண்டி ஒன்றைச் செய்தார். 1990இல் உலகப் போட்டி வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடமும் கிடைத்தது. இருபதே ஆண்டுகளில் கிரீஸ் புகையிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வரை! நம் பக்கத்துக் கேரளத்திலும், திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில், 2023 அக்டோபரில் ஆசியப் போட்டி நடைபெற்றது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி தேடி வீரர்கள் அங்கே வந்தார்கள்.

அந்தப் பாரிஸ் பந்தயத்தைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பந்தயம். மறுநாள் ஆண்கள் பந்தயம். இடம், நகருக்கு மேற்கே உள்ள எலன்கூர் குன்று. உயரம் 231 மீட்டர்தான். அதுவும் இயற்கையாக அமைந்த குன்று அன்று. பழைய கற்குழியின் மேல் இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி எழுந்த மேடு. மலை இல்லாத ஊரார் குப்பைமேட்டில் ஒலிம்பிக் நடத்திவிட்டார்கள். வெண்குன்றத்தை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் வெட்கப்பட வேண்டுமா, மகிழ வேண்டுமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஞாயிறன்று பிரான்ஸ் நாட்டுப் போலின் ஃபெரான் பிரவோ ஏறத்தாழ மூன்று நிமிட முன்னிலையோடு வென்றார். திங்களன்று களத்தில் இருந்தவர் இங்கிலாந்தின் டாம் பிட்காக். மறுநாள் அவருக்கு இருபத்தைந்து வயது நிறைய இருந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தங்கம் ஏற்கெனவே அவர் வசம். எட்டுச் சுற்றுள்ள பந்தயத்தில் பாதியை எட்டும் வேளையில் முன்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது.

டயரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலைவழியில் டயரில் காற்றைக் குறைவாகவே வைப்பார்கள். அப்போதுதான் டயர் அமுங்கிக் கல்லையும் மண்ணையும் பற்றிக்கொள்ளும். மிகக் குறைத்தாலோ, கூரிய கல்லில் மோதும்போது சக்கர வளையத்துக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். கூட்டினால் வழுக்கல், குறைத்தால் கிழிசல். இடையிலுள்ள நூலளவு இடத்தில்தான் வீரர்கள் பிழைக்கிறார்கள். டயர் போனால், இதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே பிறர் உதவலாம். அதுவரை அதே சக்கரத்தோடு தட்டுத்தடுமாறிச் செல்ல வேண்டும். அல்லது தானே பழுது பார்க்க வேண்டும். 1996இல் அந்த உதவியும் கிடையாது.

பிட்காக் அந்த இடத்தை அடைந்து சக்கரத்தை மாற்றிப் புறப்படுவதற்குள் அரை நிமிடத்துக்கும் மேல் இழந்தார், பலர் முந்திவிட்டார்கள். அவர் ஒரே மூச்சில் பாய்ந்து அந்த இடைவெளியை அடைத்துவிடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சில நொடிகளாக மீட்டார். கடைசிச் சுற்றில் முன்னே இருந்தவர் பிரான்சின் விக்டர் கோரெட்ஸ்கி; கரையெங்கும் அவருடைய நாட்டு மக்கள். மரங்களுக்கிடையே ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடியது. கோரெட்ஸ்கி ஒரு பக்கம் சென்றார். பிட்காக் மறுபக்கம் நுழைந்து, கூடுமிடத்தில் உரசியபடி முன்னேறினார். ஒன்பது நொடி வேறுபாட்டில் வென்றார். கூட்டம் அவரை நோக்கிக் கூச்சலிட்டது. அதை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். நம்மூர் வாலிபன் அவ்வாறு தோற்றிருந்தால் நாம் கைதட்டியிருப்போமா?

இனி என் கதை. எழுபதுகளில், ஒரு காணும் பொங்கலன்று எங்கள் பகுதி இளைஞர்கள் மிதிவண்டிப் பந்தயம் ஒன்று வைத்தார்கள். எல்லாம் மணிக்கணக்கில் எடுத்த வாடகைச் சைக்கிள்கள். வெண்குன்றத்து அடிவாரம் வரை நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். கருவேல முள் ஒன்று பின்சக்கரத்தில் ஏறியது. நான் இறங்கினேன். முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கடந்து சென்ற பையன்களுள் ஒருவனுக்கும் சிறிது தொலைவில் அதே கதி நேர்ந்தது. அவன் இறங்கவில்லை. வெறும் வளையத்தின் மேலேயே கடகடவென்று ஓட்டினான். மணலில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மூன்றாவதாக வந்து சேர்ந்தான்.

பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். வளையம் நெளிந்ததற்காக அவன் வீட்டார் கட்டிய பணம் அந்த டம்ளரின் விலையைக் காட்டிலும் மிகுதி. ஆயினும் அந்த டம்ளரில்தான் அவன் நெடுநாள் காப்பி குடித்தான். நானும் அவன் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன்.

நான் வண்டியை மாலையில் மெல்ல உருட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். வளையத்துக்கு ஒரு கீறலும் இல்லை. கடைக்காரர் தடவிப் பார்த்து, “பரவாயில்லை தம்பி, வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாய்” என்று பாராட்டி, ஒட்டுப்போடும் கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். பந்தயம் என்ன ஆயிற்று என்றும் கேட்டார். நான் அந்த முள்ளை எடுத்துக் காட்டினேன்.