இரத்தம் சொல்லும் சேதி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பள்ளிவாசலின் மாடிப்படியில் பெரியவர் ஒருவர் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கி ஏறுவதைச் சென்ற ஆண்டு கண்டோம். வினவியபோது, "ஒன்றுமில்லை ஹஜ்ரத், வயதாகிவிட்டது" என்றார். பின்னர் மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். மூச்சு வாங்குவதும் நின்றது. மருத்துவர் கேட்டபோது, "எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை" என்றார். அவர் பொய்யுரைக்கவில்லை. தொல்லை தரும் வேலையைச் செய்தால்தானே தொல்லை தெரியும்!

எக்கோ பரிசோதனையில் அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் எழுதினார். "எக்கோவில்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே, இது எதற்கு?" என்று அவருடைய மகன் நம்மிடம் கேட்டார். அறிந்தோரிடம் விசாரித்து நாம் விளங்கிக்கொண்டதை இங்கே எடுத்துரைக்கிறோம்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயில் அயோர்டிக் வால்வு. முதுமையில் அதன் இதழ்களில் சுண்ணாம்புச்சத்துப் படிந்து இறுகிப்போவதுண்டு. அப்போது கீழறைத் தசை மிகுந்த அழுத்தத்துடன் இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. அவ்வாறு வருந்தும் தசை ஒரு பொருளை இரத்தத்தில் சுரக்கிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றுமாறு சிறுநீரகத்தைத் தூண்டுவது அதன் பணி. அதுவே பி.என்.பி. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனைப் பன்றியின் மூளையில் கண்டறிந்ததால் மூளையின் பெயரையே சூட்டிவிட்டார்கள். பெரும்பகுதி இதயத்திலிருந்தே வருகிறது எனப் பிற்பாடு தெரிந்தும் பெயர் மாறவில்லை.

எந்த வால்வு, எவ்வளவு சுருக்கம் என்பதை இரத்தம் சொல்லாது. அது எக்கோவின் வேலை. இதயத்தசை எவ்வளவு வருந்துகிறது என்பதையே இரத்தம் சொல்லும். கடுமையான சுருக்கம் இருந்தும் தொல்லை தெரியாதவருக்கு, இந்த அளவு இயல்பைவிட மும்மடங்குக்கு மேல் இருந்து, சிகிச்சையின் ஆபத்தும் குறைவாயிருப்பின், வால்வு மாற்றுவதைக் கருதலாம் என 2020-இல் அமெரிக்க வழிகாட்டுதலும் 2021-இல் ஐரோப்பிய வழிகாட்டுதலும் கூறின. ஒரே தடவை பார்த்து முடிவு செய்வதில்லை. மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள்.

சிறுநீரகக் கோளாறு, சீரற்ற இதயத்துடிப்பு, முதுமை ஆகியவற்றாலும் இந்த அளவு உயரும். உடல் பருமன் உள்ளவருக்குக் குறைவாகக் காட்டும். என்.டி. புரோ பி.என்.பி. என்பது இதன் இணைப்பொருள். அதன் எண்கள் வேறு. ஆகவே அண்டை வீட்டாரின் சீட்டோடு நம் சீட்டை ஒப்பிட்டு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்துவிட்டாலோ இரத்த முடிவுக்காகக் காத்திருத்தல் ஆகாது.

அப்பெரியவருக்கு இரு தடவையும் அளவு மிக உயர்ந்தே இருந்தது. படியில் நின்ற செய்தியை மகன் மருத்துவரிடம் சொன்னார். தந்தையாருக்கு அதில் சற்றுக் கோபம்தான். வால்வு மாற்றப்பட்டு இப்போது வீட்டில் ஓய்வில் இருக்கிறார். மாடிக்கு எப்போது வரலாம் என்று அவரே கேட்கத் தொடங்கியிருக்கிறார்.