‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கட்டும்

(மாலைப் படிப்பகங்களில் சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் தோழர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருவது பற்றிப் பேச, வங்கியில் எழுத்தராக இருந்துகொண்டு கவிதை எழுதுகிற ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். கவுண்டரில் செக்கை நீட்டுகிறவர் எவ்வளவு பெரிய மிராசுதாராக இருந்தாலும், கையெழுத்து எங்களிடம் இருக்கிற மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். ‘நான் சொல்றேன், கொடு’ என்பது அங்கே செல்லாது. ஆனால் நம்ம புள்ளைங்க படிக்கிற வகுப்பறையில் அதுதான் செல்லுபடியாகிறது. வாத்தியார் சொன்னார், புத்தகத்தில் போட்டிருக்கு, எழுது, ஒப்பி. ‘ஏன் சார்?’ என்று கேட்டால் அதிகப்பிரசங்கி. கேட்டது சேரிப் பையன் என்றால் அதற்குமேல் ரெண்டு வார்த்தை சேர்த்து விழும்.

ஒருத்தர் சொல்வதை அவர் யார் என்பதற்காகவே நம்பு என்பது சாதியின் முதல் பாடம். அதே முறையில் அறிவியலையும் நடத்தினால், பிள்ளை ஒளிச்சேர்க்கையை மனப்பாடம் செய்யும். கூடவே அடங்கிப்போகவும் கற்றுக்கொள்ளும்.

ஒரு எளிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். விதை முளைக்க வெயில் வேண்டுமா? மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வேண்டும் என்பார்கள். ஒரு பிள்ளை, ‘வேணாம் சார், எங்கம்மா வெத நெல்ல ஊறவச்சு சாக்குல கட்டி இருட்டுல போடுவாங்க, மொளைக்குமே’ என்று சொல்லக்கூடும். நடவுக் கூலி வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது தெரியும். அதை வாயை மூடு என்று அடக்காமல் கரும்பலகையில் எழுதிவையுங்கள். அந்த வகுப்புக்குக் கிடைத்த முதல் சான்று அது.

அப்புறம் சோதித்துப் பார்க்கலாம். மூன்று கொட்டாங்குச்சி, ஒவ்வொன்றிலும் பஞ்சும் பத்துப் பச்சைப்பயறும். ஒன்று ஈரத்தோடு வெளிச்சத்தில், ஒன்று ஈரத்தோடு இருட்டில், இன்னொன்று ஈரமில்லாமல் வெளிச்சத்தில். என்ன ஆகும் என்று ஒவ்வொருத்தரும் முன்னாலேயே நோட்டில் எழுதவேண்டும். ஈரம் இருந்தால் இருட்டிலும் முளைக்கும். ஆனால் வெளுத்து, நீண்டு, துவண்டுபோகும். வெயில் எதற்கு என்பது அங்கே தானாகப் பிடிபடும். நினைத்தது தப்பாகப் போனால் ரப்பர் போட்டு அழிக்க விடாதீர்கள். ‘முன்னே இப்படி நெனச்சேன், பார்த்தேன், மாத்திக்கிட்டேன்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு அதிக மார்க் போடுங்கள்.

அடுத்தது அளவு. பெஞ்சைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். ஐந்து பிள்ளைக்கு ஐந்து கணக்கு வரும். யாருடைய சாண் சரி? வாத்தியார் சாண் பெரியது என்பதால் அது சரியாகிவிடாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு அளவுகோல் வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அளவுகோலை நமக்கு எதிராகவும் பிடித்திருக்கிறார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி என்கிற வெள்ளை அதிகாரி, மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்றார். எண் இருந்தது, கருவி இருந்தது, அறிவியல் என்ற பெயரும் இருந்தது. அறிவியலே மேல்சாதிக்காரன் சரக்கு என்று அம்பேத்கர் ஒதுங்கிவிடவில்லை. தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், அதே மாதிரியான அளவுக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு, தீண்டப்படாதார் தனி இனம் என்ற வாதம் நிற்காது என்று காட்டினார். எண்ணைப் பார்த்து மிரளாமல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிற துணிச்சல் நம் பிள்ளைக்கு வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். தெளிவாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரியும். தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு மிஞ்சும். இப்போது ஒரு பிள்ளை கேட்கலாம்: ‘தீட்டும் கண்ணுக்குத் தெரியாதுன்றாங்களே சார்?’ நல்ல கேள்வி. பயப்படாமல் எதிர்கொள்ளுங்கள். கரைந்த உப்பைக் காட்டச் சோதனை இருக்கிறது. கிருமியைக் காட்ட நுண்ணோக்கி இருக்கிறது. தீட்டைக் காட்ட எந்தச் சோதனை இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றால், அதை யார் பேச்சை நம்பி ஏற்றுக்கொண்டோம்? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே யோசிக்கட்டும்.

1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் கொட்டிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய், எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று விசாரித்தார். செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். ஒரு பம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. நம் தெருவில் வயிற்றுப்போக்கு வந்தால் பிள்ளைகளே இப்படி ஒரு படம் போடலாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயில் விழுந்தபோது, தண்ணீர்மேல் சந்தேகம் வந்து தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். அதனால்தான் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

கடைசியாக ஒன்று. இந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்பும், திரும்பட்டும். பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகிற வழக்கம் நம் தெருவிலும் உண்டு. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. பாட்டியை எடுத்தெறிந்து பேசப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள், ‘எப்படிம்மா தெரியும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். நம் தலைவர்களிடமும், மேடையில் நிற்கிற என்னிடமும் கேட்கட்டும். பரம்பரையாகச் சொல்கிறார்கள் என்பதற்காகவோ குரு சொல்கிறார் என்பதற்காகவோ ஏற்காதீர்கள் என்று காலாமர்களிடம் சொன்னவர் புத்தர். 1956இல் அம்பேத்கர் போய்ச் சேர்ந்த இடம் அது.

திங்கட்கிழமை படிப்பகம் திறக்கும்போது மூன்று கொட்டாங்குச்சியும் ஒரு பிடி பயறும் எடுத்துப் போங்கள். முதலில் அவர்கள் நினைப்பதை எழுத வையுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள்.