அழுத்திய கையை எடுக்காதீர்கள்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி எத்தனையோ கூட்டம் போட்டுவிட்டோம். இன்று அந்தச் சம்பளத்தை உழைக்கிற கையைப் பற்றிப் பேசுவோம். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கத்தரி, புல் வெட்டும் கத்தி என்று நாள்தோறும் இரும்போடுதான் நம் வேலை. வெட்டு சின்னதாக இருக்கலாம். அது சீழ் பிடித்தால் எத்தனை நாள் பேர் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

காயம் பட்டதும் நாம் கோப்பித்தூளை அப்புகிறோம், சுண்ணாம்பு தடவுகிறோம், மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். இவை காயத்தை ஆற்றுவதில்லை. தூளோடு கிருமியும் உள்ளே போகும். டிஸ்பென்சரியில் அதைச் சுரண்டிக் கழுவும்போது வேதனை இரட்டிப்பாகும்.

செய்ய வேண்டியது இதுதான். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. "நின்றுவிட்டதா" என்று தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்து மறுபடி ஓடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். ஆணியோ கண்ணாடியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதன் இரு பக்கத்தையும் அழுத்துங்கள்.

சின்னக் காயமென்றால், இரத்தம் நின்றபின் ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். பஞ்சை நேரே வைக்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். கோஸ் துணி இல்லாவிட்டால், கொதிக்க வைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி போதும். கட்டியபின் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்தால், மரத்தால், நீலம் பாய்ந்தால் கட்டு இறுக்கம், தளர்த்துங்கள்.

அட்டைக் கடியில் இரத்தம் நிற்காததற்குக் காரணம், அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடுவதில்லை. பயப்படாமல் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

மழையில் நனைந்த கட்டை அன்றே மாற்றுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, சூடேறினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டிஸ்பென்சரிக்குப் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் காலில் சிறு கீறல் பட்டாலும் காட்ட வேண்டும். துருப்பிடித்த இரும்பு மட்டுமல்ல, மண்ணும் சாணமும் பட்ட எந்தக் காயத்துக்கும் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; அந்த அம்புலன்ஸ் இலவசம்.

இன்னொன்று. வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் "சின்ன வெட்டுதானே" என்று மறைத்தால் பிறகு எதைக் காட்டிக் கேட்பது? காயம் பட்ட அன்றே கங்காணியிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். டிஸ்பென்சரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள். தலைவர், தலைவியிடமும் சொல்லுங்கள்.

மருந்துப் பெட்டி ஆபீஸ் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தால் மலையில் இருப்பவருக்கு என்ன பயன்? கொழுந்து நிறுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெட்டி, அதைக் கையாளப் பழகிய ஒருவர் வேண்டும். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு சுத்தத் துணி கொண்டு வாருங்கள். ஒருவர் கையில் ஒருவர் கட்டிப் பழகுவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். நாம் மலையில் இருக்கும்போது லயத்தில் தம்பி தங்கச்சியைப் பார்ப்பது அவர்கள்தானே.