தெப்பத்தின் மேல் ஒரு குடில்



முல்லைத்தீவை அடுத்த முள்ளிவாய்க்கால் ஒடுங்கியதொரு மணல் நிலம். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் நந்திக்கடல் என்னும் களப்பு. அங்கு நிற்பவர்க்கு, நீரின் மேலேயே குடில் அமைத்து வாழ இயலுமா என்ற எண்ணம் எழுவது இயல்பே.

இயலும். 1947ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டாலும் ஐந்து தோழரும் பெரு நாட்டிலிருந்து ‘கொன்-டிக்கி’ என்னும் தெப்பத்திற் புறப்பட்டு, 101 நாட்களில் பொலினீசியத் தீவொன்றை அடைந்தனர். ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றாற் பிணைத்து, மேலே மூங்கிற் குடில் அமைத்து, வாழையிலையாற் கூரை வேய்ந்திருந்தனர்.

மரங்களைப் பிணைக்க ஆணி ஏன் அடிக்கவில்லை? விறைத்து நிற்பதை அலை முறிக்கும். கயிறோ அலையோடு நெகிழ்ந்து கொடுக்கும். மேலேறிய நீரும் மர இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். நம் மீனவர் கட்டுமரத்தில் கண்ட உண்மையும் இதுவே.

ஆகவே, குடில் தாழ்வாகவும் இலேசாகவும் தெப்பத்தின் நடுவே அமைதல் வேண்டும். உயர்ந்த சுவர் காற்றை வாங்கித் தெப்பத்தைக் கவிழ்க்கும். பாரமான பொருள்கள் கீழே இருத்தல் நலம். படுக்கைத் தட்டு நனையாத உயரத்தில் அமைக. முதற் சோதனை ஆழமற்ற களப்பிலே நிகழட்டும். வாடைக்காற்றுக் காலத்துக் கடலில் வேண்டா.

இதே மணலில், 2009ஆம் ஆண்டில், தறப்பாளையும் மணலிற் தோண்டிய குழியையுமே உறையுளாகக் கொண்டு எண்ணற்ற குடும்பங்கள் தவித்தன. உறையுளின் அருமையை இம்மண்ணுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நிலத்திலாயினும் நீரிலாயினும், உறங்குவோரின் உயிரை முதலில் எண்ணிக் கட்டுவதே குடில்.